மைக்கம்மாவுக்குப் பச்சை எரியவில்லை

நீலம் என்றால் சும்மா இருக்கிறார் என்று பொருள். பச்சை என்றால் உழைக்கிறார். சிவப்பு என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

மூத்தவர்களுக்கான அந்த உடற்பயிற்சிக் கூடத்தின் சுவரில் ஆளுயரத் திரை ஒன்று இருக்கிறது. வகுப்பில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கட்டம். நெஞ்சில் கட்டிக்கொள்ளும் பட்டை நாடித்துடிப்பை எண்ணித் திரைக்கு அனுப்பும். திரை ஆளின் வயதை வைத்து ஒரு கணக்குப் போட்டு நிறத்தைக் காட்டும். வயதைத் தவிர அந்த ஆளைப் பற்றி வேறு எதுவும் அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அதை வாங்கி மாட்டியவர்களுக்கும் தோன்றவில்லை.

மைக்கம்மாவின் கட்டம் நீலம். முதல் வாரம் நீலம், அடுத்த வாரமும் நீலம். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை நெஞ்சோடு அணைத்தபடி நாற்காலியிலிருந்து எழுவதும் உட்காருவதுமாக இருந்தார். தொடை வெடவெடவென்று நடுங்கியது. சட்டையைப் பிழிந்தால் ஒரு தம்ளர் வியர்வை வரும். அப்போதும் நீலம்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணணும்," என்றார் பயிற்சியாளர். முப்பது வயதுக்காரர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் வகுப்பில் அவர் பெயரே விசில்தான். "எல்லாருக்கும் பச்சை வந்தாச்சு. உங்களுக்கு மட்டும்தான் நீலம்."

"தம்பி, என் தொடை ஆடுற ஆட்டத்தைப் பாரு. இது உனக்குச் சும்மா இருக்கிற மாதிரியா தெரியுது?"

"திரை பொய் சொல்லாதும்மா."

"அப்ப நான் சொல்றேனா?"

விசில் சிரித்துச் சமாளித்தார். பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் குண்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். வேலை செய்கிற காலத்தில் ஒரு நாள்கூட யாரிடமும் சோம்பேறி என்று பேர் வாங்காத பெண்ணை, ஒரு கண்ணாடிப் பெட்டி ஊர் பார்க்கச் சோம்பேறி ஆக்கிவிட்டது.

அவர் செய்த வேலை அறிவிப்பாளர் வேலை. பெரிய பேருந்து நிலையத்தில், நடைமேடைகளுக்கு மேலே ஒரு கண்ணாடி அறை, ஒரு மேசை, ஒரு மைக். எந்த வண்டி எந்த மேடையில், எது தாமதம், எது ரத்து, தொலைந்த குழந்தை எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். புகையும் ஹாரனும் சண்டையும் நிறைந்த அந்த நிலையத்தில் அவர் குரல் ஒன்றுதான் நேராக நின்று பேசும். ஒரு வழித்தடத்தின் எல்லா நிறுத்தங்களையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். அப்படி வந்த பெயர்தான் மைக். ஓய்வு பெற்றதும் அதோடு ஓர் அம்மா சேர்ந்துகொண்டது.

கணவர் அதே நிலையத்தில் பேருந்து ஓட்டியவர். "ஐம்பது வண்டி தாமதமா வரும். என் வண்டியை மட்டும் ரெண்டு தடவை அறிவிப்பா," என்பார் டிரைவர். காதல் தொடங்கியது அந்தக் கோபத்தில்தான். போன ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால் இரண்டும் படுத்துவிட்டன. பேச்சு மெதுவாகத் திரும்பி வந்தது. கிண்டல் மட்டும் போகவே இல்லை.

படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு, திரும்பவும் நாற்காலிக்கு, திரும்பவும் படுக்கைக்கு என்று அந்தப் பெரிய உடம்பைத் தினமும் தூக்கி இறக்கியது மைக்கம்மாதான். சில மாதங்களில் அவருக்கே மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்து, ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும், எதைப் பின்னால் போட வேண்டும் என்று மருந்துக் கடையில் உறை மேல் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

வீடு திரும்பிய வாரமே வீட்டுப் பராமரிப்பு அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். கணவரைப் பத்திரமாகத் தூக்கி மாற்றும் தெம்பு இருந்தால் அவர் வீட்டிலேயே இருக்கலாம், பகலில் உதவிக்கு ஓர் ஆளையும் அனுப்புவார்கள். தெம்பு இல்லை என்றால் ஊருக்கு வெளியே இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கு அவர் போக வேண்டும். தெம்பு வருவதற்குத்தான் இந்த வகுப்பு. வந்துவிட்டது என்று காட்டச் சான்றிதழ். பச்சை எரிந்த வகுப்புகள் மட்டுமே சான்றிதழுக்குக் கணக்கு.

ஆக, டிரைவர் எங்கே தூங்குவார் என்பதை முடிவு செய்யப் போவது அந்தத் திரை.

"இன்னிக்கு என்ன கலரு?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்பார் டிரைவர்.

"நீலம்."

"நான் ஓட்டுன வண்டியும் நீலம்தான். நல்ல கலரு."

"வாயை மூடிட்டு இருங்க. அங்க என்னைச் சோம்பேறிங்கறான்."

"உன்னையா? நாப்பது வருஷம் குடும்பம் நடத்தின நானே அப்படிச் சொன்னதில்லையே. அவனுக்கு எவ்வளவு தைரியம் பாரு."

அடுத்த வகுப்பில் விசில் இன்னும் கனமான குண்டைக் கொடுத்தார். மைக்கம்மா பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, கண் இருட்டும் வரை தூக்கினார். பெஞ்சிலிருந்து எழுந்தபோது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அன்று ராத்திரி கெண்டைக்காலில் குடைந்து குடைந்து வலித்தது. கட்டம் அசையவே இல்லை.

வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் தையல்காரர் பக்கத்தில் வந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர், இதயத்தில் பைபாஸ் செய்தவர், வகுப்பின் நட்சத்திரம். அவர் கட்டம் எப்போதும் பச்சை.

"மைக்கம்மா, காலைல அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை போட்டுட்டுத்தானே வர்றீங்க?"

"போடாம? டாக்டர் கொடுத்தது அண்ணே."

"அதான் பச்சை வரல." அவர் குரலை இறக்கினார். "அது துடிப்பை அமுக்கிப் பிடிக்கிற மாத்திரை. நானும் முதல்ல நீலம்தான். இப்ப வகுப்பு இருக்கிற அன்னிக்கு அதைப் போடறதில்ல. நம்மகூட வர்ற ரிட்டயர்டு டீச்சரம்மாவும் போடறதில்ல. அந்தக் கடைசி வரிசை மொத்தமும் அப்படித்தான். நாங்க அதுக்குப் 'பச்சை நாள்'னு பேர் வெச்சிருக்கோம்."

"விசிலுக்குத் தெரியுமா?"

"அந்தத் தம்பிக்கு எதுக்கு வீண் தலைவலி?"

இதைப் படிக்கிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும். இதயம் பழுதாகி, பிழைத்து, அதைக் காப்பாற்றக் கொடுத்த மாத்திரையை ஒரு கூட்டம் ரகசியமாக நிறுத்துகிறது. சோம்பேறிகளாக இருந்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்கள். நாங்களும் உழைக்கிறோம் என்று சுவரில் இருக்கிற ஒரு பெட்டிக்கு நிரூபிக்கத்தான் நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல் அவர்களை வரிசையில் உட்கார வைத்து நிறம் காட்டியதன் பலன் இது.

அடுத்த வகுப்பு நாளில் மைக்கம்மா அந்த மாத்திரையைப் போடவில்லை.

பச்சை எரிந்தது. விசில் இரண்டு தடவை ஊதினார். எல்லோரும் கைதட்டினார்கள். "பார்த்தீங்களாம்மா? மனசு வெச்சா முடியுது!" என்றார் விசில். மைக்கம்மாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பெருமையில் அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதற்கடுத்த வகுப்புக்கும் போடவில்லை. அதற்கடுத்ததற்கும் போடவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து, டிரைவரைக் கழிவறையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதற்காக அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினார். பாதித் தூரத்தில் நெஞ்சுக்குள் யாரோ முஷ்டியை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. தாடை வரை இழுத்தது. கை தளர்ந்தது. இருவரும் ஒன்றாகச் சரிந்து கூடத்துத் தரையில் விழுந்தார்கள். மைக்கம்மா மேல் பாதி, நாற்காலி மேல் பாதி என்று டிரைவர் கிடந்தார். செல்போன் சமையலறையில் இருந்தது. வாசல் கதவு உள்ளே பூட்டியிருந்தது.

"அடி பட்டுச்சா?" என்றார் டிரைவர்.

"நெஞ்சு வலிக்குது."

அதுவரை இருந்த கிண்டல் அவர் குரலிலிருந்து போய்விட்டது. "அசையாத. சத்தம் போடு. கீழே பூட்டுக்காரர் கடைல இருப்பாரு. உன் குரல் போகும்."

மூன்றாவது மாடித் தரையில் கன்னத்தை வைத்தபடி, ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக மைக்கம்மா அறிவித்தார். "கவனிக்கவும். மூன்றாவது மாடி, இடது பக்கக் கதவு. கீழ்த்தளத்துப் பூட்டுக்காரர் உடனடியாக மேலே வரவும்."

"இன்னொரு தடவை சொல்லு," என்றார் டிரைவர். "முதல் தடவை சொல்றதை எவனும் காதுல வாங்க மாட்டான்."

பூட்டுக்காரர் கருவிப் பையோடு வந்து கதவைத் திறந்தார். ஆம்புலன்ஸை அழைத்ததும் அவர்தான்.

இதயத் தசை சேதமாகவில்லை, தப்பித்தார். அவசரப் பிரிவில் மருத்துவர் அறிக்கையைப் புரட்டியபடியே கடிந்துகொண்டார். "இந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தலாமா? அதுவரைக்கும் கட்டுல இருந்த துடிப்பு எகிறிடும். யார் உங்களை நிறுத்தச் சொன்னது?"

"யாரு நிறுத்தாதேன்னு சொன்னது, டாக்டர்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இந்த வயசுல எதுக்கும்மா உங்களுக்கு எடை தூக்குற பயிற்சி? பேசாம வாக்கிங் போங்களேன்."

படுத்திருந்த மைக்கம்மா எழுந்து உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரர் எண்பது கிலோ. அவரைத் தினம் நான்தான் தூக்குறேன். மாரடைப்பு வந்து இங்கேருந்து வீட்டுக்குப் போன அன்னிக்கே தூக்கினேன். அப்ப உங்க ஆஸ்பத்திரில ஒருத்தரும் வந்து, அம்மா வயசாச்சு தூக்காதீங்கன்னு சொல்லல. முறையா தூக்கக் கத்துக்கலாம்னு பத்துக் கிலோ இரும்பைத் தொட்டதும் எல்லாருக்கும் என் வயசு ஞாபகம் வந்துடுச்சா?"

மருத்துவர் அறிக்கையை மூடினார். அவருக்கு அடுத்த படுக்கை காத்திருந்தது. போகும்போது சீட்டில் ஏதோ எழுதி, இதய நோயாளிகளுக்கான பயிற்சிப் பிரிவில் இருக்கிற பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கச் சொன்னார். அப்படி ஒரு பிரிவு அதே கட்டடத்தின் அடித்தளத்தில் இருப்பது மைக்கம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் தடவை வந்தபோதே இந்தச் சீட்டை எழுதியிருந்தால் என்ன கை தேய்ந்து போயிருக்கும்?

மகள் வெளியூரிலிருந்து பறந்து வந்தாள். அம்மாவின் கையில் ஊசி குத்திய இடங்களைப் பார்த்து அழுதாள். அழுது முடித்ததும் முடிவைச் சொன்னாள்.

"போதும்மா. அப்பா இல்லத்துக்குப் போகட்டும். நான் பேசிட்டேன், இடம் இருக்கு."

"யாரைக் கேட்டுப் பேசின?"

"ரெண்டு பேரும் தரையில கிடந்தீங்க. பூட்டுக்காரர் கடை அன்னிக்கு லீவா இருந்தா? ஒரே நாள்ல ரெண்டு பேரையும் இழக்க என்னால முடியாதும்மா."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் மைக்கம்மாவுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை டிரைவருக்கு.

"அதிகாரி ரெண்டு மாசத்துல திரும்ப வருவாங்க. அதுவரைக்கும் டைம் கொடு," என்றார். அதுவரை பகல் முழுக்க வாடகைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்வது என்றும், அம்மா தனியாக அப்பாவைத் தூக்கக் கூடாது என்றும் பேசி முடித்துவிட்டுத்தான் மகள் ஊருக்குப் போனாள்.

அடித்தளத்து அறையில் பிசியோதெரபிஸ்ட் பெண் முதலில் கேட்டது, "என்னென்ன மாத்திரை போடறீங்க?" மைக்கம்மா பையை மேசையில் கவிழ்த்தார். அத்தனை நாளில் ஒருவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் வெள்ளை மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். "இது பீட்டா பிளாக்கர். இதயம் ரொம்ப வேகமா ஓடாம பிடிச்சு வெக்குது. நீங்க மலையே ஏறினாலும் துடிப்பு ஓரளவுக்கு மேல போகாது. வயசை வெச்சுப் போடுற கணக்கு உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாதும்மா. அந்தத் திரையில உங்களுக்குப் பச்சை வரலைன்னா மாத்திரை ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

மைக்கம்மா அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இந்த ஒரு வரியை யாராவது அன்னிக்கே சொல்லியிருந்தா?" என்றார்.

"சொல்லியிருக்கணும்," என்றாள் அந்தப் பெண். மழுப்பவில்லை.

"அப்ப இதைப் போட்டா உடம்புல வலு ஏறாதா?"

"நல்லா ஏறும். தசைக்குத் துடிப்புக் கணக்கு தெரியாது, அதுக்குச் சுமைதான் தெரியும். மாத்திரை போட்டுக்கிட்டே பயிற்சி பண்றவங்களுக்கும் கை கால் பலமாகுது. முதல்ல கொஞ்ச நாள் சீக்கிரம் சோர்வு வரலாம், அவ்வளவுதான்."

தலைச்சுற்றலுக்கும் காரணம் பையிலேயே இருந்தது. பிரஷர் மாத்திரை ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது, பயிற்சியும் தளர்த்துகிறது. பெஞ்சிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்தம் காலில் தங்கித் தலை கிறுகிறுக்கும். உட்கார்ந்து, காலை ஆட்டி, பிறகு எழ வேண்டும். வகுப்பு முடிந்ததும் பொத்தென்று உட்காராமல் கொஞ்சம் நடக்க வேண்டும். கெண்டைக்கால் இழுத்ததற்கு நீர் மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம், அதில் உப்புச்சத்து வெளியே போகும். மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டும் என்றாள். மைக்கம்மா ஒன்றை ஒத்துக்கொண்டார். வகுப்புக்கு நடுவில் கழிவறைக்கு ஓட வேண்டாம் என்று தண்ணீரே குடிக்காமல் போய்க்கொண்டிருந்தார்.

"எவ்வளவு குடிக்கலாம்னும் அப்பவே டாக்டர்கிட்டக் கேட்டுடுங்க. நாமளா கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

"கொழுப்பு மாத்திரை தசையைத் தின்னுடும்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்களே?"

"சிலருக்குத் தசை வலி வரும். பயிற்சி செஞ்ச மறுநாள் வலி எல்லாருக்கும் வரும், அது ரெண்டு மூணு நாள்ல போயிடும். எதுவுமே செய்யாம ரெண்டு தொடையும் வலிச்சாலோ, பலம் குறைஞ்சாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே வாங்க. நீங்களா நிறுத்தாதீங்க."

"கையெல்லாம் கன்னிப் போகுதே?"

"ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த மாத்திரை. இரும்பு பட்டா கன்னும். தலைல அடிபடாம மட்டும் பார்த்துக்கணும்."

"வீட்டுக்காரர் சொல்றாரு, மக பார்த்தா நான் அடிக்கிறேன்னு நினைச்சுடப் போறான்னு. அவருக்கு ஒரு கைதான் வேலை செய்யுது, அதுவும் டீ கப்புக்கு மட்டும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு ஓர் எடையைக் கையில் கொடுத்தாள். "துடிப்பை மறந்துடுங்க. தூக்கும்போது என்கூடப் பேசுங்க. முழு வாக்கியம் பேச முடிஞ்சா சரியான சுமை. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினா அதிகம். அப்புறம், மூச்சைப் பிடிக்காதீங்க. பிடிச்சா ரத்த அழுத்தம் ஏறும். நெஞ்சு வலிச்சா அந்த நிமிஷமே நிறுத்தணும்."

"என்ன பேச?"

"உங்களுக்கு வர்றதைப் பேசுங்க."

மைக்கம்மா எடையைத் தூக்கினார். வாய் தானாகத் திறந்தது. "பயணிகள் கவனத்திற்கு. துறைமுகம், பழைய சந்தை, மருத்துவமனை, நீதிமன்றம், கல்லூரி வாசல், மேம்பாலம் வழியாக மலையடிவாரம் செல்லும் வண்டி நான்காவது மேடையிலிருந்து புறப்படுகிறது." குரல் ஓர் இடத்திலும் உடையவில்லை.

அந்தப் பெண் பெரிய எடையைக் கொடுத்தாள். இந்தத் தடவை நீதிமன்றத்தில் மூச்சு முட்டியது.

"உங்களுக்குத் திரையே வேணாம்மா," என்றாள். "நீதிமன்றம் தாண்டற எடையை எடுங்க."

அடித்தளத்தில் சில வாரம் அவள் கண் முன்னால் தூக்கிப் பழகி, மருத்துவரின் சம்மதமும் வாங்கிய பிறகுதான் மைக்கம்மா பழைய கூடத்துக்குத் திரும்பினார். வகுப்பு தொடங்கும் முன் முன்னால் போய் நின்றார். விசில் ஊத வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"கவனிக்கவும்," என்றார் மைக்கம்மா. "இன்னிக்குக் காலைல மாத்திரை போடாம வந்தவங்க கை தூக்குங்க."

யாரும் அசையவில்லை. தையல்காரர் தரையைப் பார்த்தார்.

"அண்ணே, நான் ஆஸ்பத்திரில படுத்துட்டு வந்துட்டேன். அடுத்து நீங்க போகணுமா?"

தையல்காரரின் கை மெதுவாக மேலே போனது. டீச்சரம்மாவின் கை. கடைசி வரிசை மொத்தமும். கூடத்தில் பாதிக்கு மேல் கைகள். விசில் முகம் வெளுத்துப் போனது.

"எனக்கு... எனக்கு இது தெரியாதும்மா. எனக்குப் பயிற்சி கொடுத்தப்ப திரையை எப்படிப் படிக்கிறதுன்னு மட்டும்தான் சொன்னாங்க. இதய நோய் உண்டான்னு கேப்போம். மாத்திரையைப் பத்திக் கேக்கச் சொல்லவே இல்ல."

"உன்னை மட்டும் சொல்லல தம்பி. ஆனா என்னைச் சோம்பேறின்னு சொல்லாம சொன்னது நீதான்."

"மன்னிச்சுக்கோங்கம்மா."

"சரி. அந்த ஸ்டூலைப் போடு."

ஸ்டூலில் ஏறி நின்று விசிலே மைக்கம்மாவின் பெரிய துண்டைத் திரை மேல் விரித்துப் போட்டார். போடாத மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரும்படி கை தூக்கியவர்களை அன்று வீட்டுக்கு அனுப்பினார். மறுவாரத்திலிருந்து நெஞ்சுப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஆளுக்கு ஒன்றாகப் பேசிக்கொண்டே தூக்கினார்கள். டீச்சரம்மா வாய்ப்பாடு சொன்னார். தையல்காரர் கடன் சொல்லிவிட்டு வராமல் போன வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகத் திட்டினார், அவருக்கு எடை தீர்ந்தாலும் திட்டு தீரவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது: ஏன் திரையிலிருந்து கணக்கு வரவில்லை? "துண்டு காய வெச்சிருக்கு சார்," என்றார் விசில். திரையைப் பற்றி மைக்கம்மா எழுதி அனுப்பிய புகாருக்கு, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. மற்ற கிளைகளில் அந்தத் திரைகள் இன்றும் எரிகின்றன. அங்கே எத்தனை பேர் காலையில் அந்த வெள்ளை மாத்திரையை மட்டும் அட்டையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

அதிகாரி வந்த நாளில் மகளும் வந்திருந்தாள். கூடத்து மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதிகாரி நடுத்தர வயதுப் பெண், கையில் ஒரு டேப்லெட்.

"பச்சை வகுப்பு மூணுதான் இருக்கு," என்றார்.

"அந்த மூணும் செல்லாது," என்றார் மைக்கம்மா. "அது மாத்திரையை நிறுத்திட்டு எடுத்தது. அதை அழிச்சுட்டு இப்பப் பாருங்க."

பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த கடிதத்தை நீட்டினார். அதிகாரி படித்தார், மறுபடியும் டேப்லெட்டைப் பார்த்தார். "இதைச் சேர்க்கிறதுக்கு இதுல இடமே இல்லையே."

"மைக்கு," என்றார் படுக்கையிலிருந்து டிரைவர். "வண்டியை எடு."

மைக்கம்மா அவரை ஒருக்களித்து, காலை வெளியே இறக்கி, உட்கார வைத்தார். உடனே தூக்கவில்லை. அவருக்கும் பிரஷர் மாத்திரை உண்டு. தலை தெளியட்டும் என்று நின்றார். அவர் முட்டிக்கு எதிரே தன் முட்டியை வைத்தார். இடுப்புப் பட்டையைப் பிடித்தார். முதுகை நேராக்கித் தொடையில் பாரத்தை வாங்கினார்.

"பயணிகள் கவனத்திற்கு. துறைமுகம், பழைய சந்தை, மருத்துவமனை..."

டிரைவர் எழுந்தார்.

"...நீதிமன்றம்..." மகள் தன்னை அறியாமல் ஓர் அடி முன்னால் வைத்தாள். "...கல்லூரி வாசல், மேம்பாலம் வழியாக..." குரல் தட்டையாக, தெளிவாக, அந்தக் கண்ணாடி அறையிலிருந்து வந்ததுபோலவே வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து திரும்பினார்கள். "...மலையடிவாரம் செல்லும் வண்டி..." டிரைவர் சத்தமில்லாமல் நாற்காலியில் இறங்கினார்.

"புறப்பட்டது," என்றார் அவர். "தாமதம் இல்ல. எழுதிக்கோங்க மேடம், இவ சொல்ல மாட்டா."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு தடவை, இந்த முறை நாற்காலியிலிருந்து படுக்கைக்குச் செய்யச் சொன்னார். மைக்கம்மா மூச்சை ஆற்றிக்கொண்டு செய்தார். பிறகு அதிகாரி, "சான்றிதழுக்குப் பதிலா நேர்ல பார்த்ததைப் போடறேன்," என்று சொல்லி டேப்லெட்டில் 'வீட்டிலேயே' என்பதைத் தொட்டார், பகல் உதவியாளுக்கு அனுமதியும் கொடுத்தார். கை கட்டி நின்ற மகள் கையைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு கேள்வி மட்டும் பாக்கி," என்றார் அதிகாரி தயங்கியபடி. "பதில் போடாம இது மேல போகாது. இலக்கு நாடித்துடிப்பை எட்டினாரா?"

மைக்கம்மா துண்டால் கழுத்தைத் துடைத்தார். குரலை உயர்த்தவில்லை. அந்தக் குரலை உயர்த்த வேண்டிய தேவை எப்போதும் இருந்ததில்லை.

"எட்டலன்னு போடுங்க. எட்டாது, எட்டவும் கூடாது. அந்தக் கேள்வியை எழுதினவங்க யாருன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க. அவங்களுக்கு ஒரு அறிவிப்பு இருக்கு."

"ரெண்டு தடவை சொல்லு," என்றார் டிரைவர், தன் படுக்கையிலிருந்து.